பழைய மேசைக் கணினியின் செயலி சூடேறினால்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் உள்ள சிறு தொழிற்கூடங்களின் கணக்குக் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பெரும்பாலும் 2008 முதல் 2013 வரை வாங்கப்பட்டவை. டேலி என்ற கணக்கு மென்பொருளும் பில் அச்சிடுவதும்தான் அவற்றின் வேலை. பங்குனி பிறந்ததும் என்னிடம் வரும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை என்பதால் அவற்றை இங்கே பதில்களோடு எழுதி வைத்திருக்கிறேன். நம் ஊரில் முழுப் பெட்டியையும் 'சிபியு' என்றே அழைக்கிறோம். இங்கே பெட்டியைக் கேபினட் என்றும், மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகை) அமர்ந்திருக்கும் சிறிய சதுரச் சில்லைச் செயலி என்றும் குறிப்பிடுகிறேன்.

கணினி அரை மணி நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைந்துவிடுகிறது. சூடுதான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது?

தானாக அணைகிற கணினிகள் எல்லாமே சூட்டினால் அணைவதில்லை. பேட்டரி செத்துப்போன யுபிஎஸ், வயதான எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி), பிளக்கில் தளர்ந்த தொடர்பு ஆகிய மூன்றும் இதே அறிகுறியைத் தரும். ஆனால் சூட்டினால் அணையும் கணினிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் விசிறியின் இரைச்சல் கூடும். பிறகு எல்லா வேலையும் மந்தமாகும், ஏனென்றால் செயலி தன் வரம்பை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைத்தும் வெப்பம் ஏறிக்கொண்டே போனால்தான் கடைசியாக மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். அணைந்த உடனே மறுபடி போட்டால் முன்பைவிட விரைவில் அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் பழையபடி அரை மணி நேரம் ஓடும். யுபிஎஸ் கோளாறில் இந்தக் கணக்கு இருக்காது.

ஊகத்தோடு நிற்காமல் அளந்து பார்த்துவிடுவது நல்லது. கணினியைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரை) சென்றால், 'பிசி ஹெல்த் ஸ்டேட்டஸ்' அல்லது 'ஹார்டுவேர் மானிட்டர்' என்ற பக்கத்தில் செயலியின் வெப்பமும் விசிறியின் சுற்று வேகமும் தெரியும். அங்கே பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு எண் ஏறுகிறதா என்று பாருங்கள். விண்டோஸுக்குள் கோர் டெம்ப், எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. லினக்ஸில் 'சென்சார்ஸ்' கட்டளை போதும். பயாஸ் பக்கத்தில் மின்சேமிப்பு முறைகள் பெரும்பாலும் இயங்காததால், அங்கே தெரியும் எண் விண்டோஸில் சும்மா இருக்கும்போது தெரியும் எண்ணைவிடச் சில டிகிரி கூடுதலாக இருப்பது இயல்பு. அதைக் கண்டு பதற வேண்டாம்.

எத்தனை டிகிரி வரை பொறுக்கலாம்?

அந்தக் கால இன்டெல் செயலிகளில், சும்மா இருக்கும்போது 35 முதல் 50 வரையும், முழு வேலையில் 75 வரையும் இருந்தால் நான் கைவைப்பதில்லை. 80ஐத் தாண்டினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்ப்பேன். 90ஐத் தாண்டினால் அன்றே. இவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 100 டிகிரியை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் செயலிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2009இல் வந்த ஃபினாம் 2 எக்ஸ்4 955க்கு அந்த நிறுவனமே வகுத்த மேல்வரம்பு 62 டிகிரிதான். உங்கள் செயலியின் பெயரைப் பார்த்து அதற்குரிய வரம்பைத் தெரிந்துகொண்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

மார்கழியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய கணினி சித்திரையில் மட்டும் ஏன் தகராறு செய்கிறது?

ஹீட் சிங்கும் (செயலியின் மேல் அமர்ந்து அதன் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) அதன்மேல் உள்ள விசிறியும் செயலியை அறையின் வெப்பத்துக்குக் கீழே ஒருபோதும் கொண்டுபோக முடியாது. செயலியின் வெப்பம் என்பது அறையின் வெப்பத்தோடு வேலைப்பளு கூட்டும் டிகிரிகளைச் சேர்த்தது. என் மேசையில் உள்ள கணினியில் கோர் ஐ5 2400 இருக்கிறது. 2011இல் வந்தது, 95 வாட். மார்கழிக் காலையில் அறை 26 டிகிரி இருந்தபோது முழு வேலையில் 65 காட்டியது; மே மாதப் பிற்பகலில், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அதே அறை 39ஐத் தொட்டபோது 78 காட்டியது. கணினியில் எதுவும் கெடவில்லை; தொடங்குமிடம் மட்டும் 13 டிகிரி ஏறிவிட்டது. தூசியும், செயலிக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன பசையும் சேர்ந்து இன்னொரு 20 டிகிரியைக் கூட்டியிருந்தால், மார்கழியில் அது 85 என்று பேசாமல் ஓடியிருக்கும், அக்கினி நட்சத்திரத்தில் 98ஐத் தொட்டுப் படுத்திருக்கும். எனவே கோளாறு சித்திரையில் பிறப்பதில்லை, அப்போதுதான் வெளியே தெரிகிறது.

95 வாட் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ரேடியோ பழுதுபார்ப்பவர் கையில் இருக்கும் சாதாரண சால்டரிங் அயன் 25 வாட். அதுவே ஈயத்தை உருக்கிவிடுகிறது. அப்படி நான்கு அயன்கள் கொடுக்கும் சூடு, செயலிக்குள் இருக்கும் கட்டைவிரல் நகத்தளவுச் சில்லிலிருந்து கிளம்புகிறது.

விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது, வெளியிலிருந்து பார்த்தால் தூசியும் இல்லை. பிறகும் ஏன் சூடாகிறது?

இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் சேலத்துக் கோளாறுகளில் பாதி ஒளிந்திருக்கிறது. விசிறி காற்றை மேலிருந்து உறிஞ்சிக் கீழே உள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தள்ளுகிறது. காற்றோடு வரும் பஞ்சும் நூலிழையும் விசிறியின் இறகுகளில் தங்குவதில்லை. இறகுகளுக்கு அடியில், தகடுகளின் மேல் விளிம்பில் போய்ப் படிகின்றன. மேலே பார்த்தால் சுத்தமாக இருக்கும்.

அம்மாப்பேட்டையில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய ஒரு கணக்கு அறையின் கணினியை ஒருமுறை திறந்தேன். விசிறியைக் கழற்றியதும் அடியில் ஒரு சாம்பல் நிற வட்டம், நடுவில் மட்டும் மோட்டார் அளவுக்குத் துளையோடு, ஆப்பம்போல் படிந்திருந்தது. விரல் நகத்தால் ஓரத்தைத் தூக்கியபோது கிழியாமல் ஒரே ஏடாக உரிந்து வந்தது. அதில் சிவப்பும் பச்சையுமாகச் சேலை நூலின் இழைகள் தெரிந்தன. எந்த மாதம் எந்த நிறம் ஓடியது என்று தறிக்காரர் அதைப் பார்த்தே சொல்லிவிட்டார். அந்த ஏட்டை எடுத்ததோடு 24 டிகிரி குறைந்தது. பசையை மாற்றக்கூட இல்லை.

ஆகவே, விசிறியை ஹீட் சிங்கிலிருந்து பிரித்து அடியில் பார்க்காதவரை தூசி இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல மாதிரிகளில் அது நான்கு சிறு கொக்கிகளிலோ திருகுகளிலோ மாட்டியிருக்கும். ஹீட் சிங்கைச் செயலியிலிருந்து தூக்காமலே விசிறியை மட்டும் எடுத்துவிடலாம்.

தூசியை எப்படி எடுப்பது? பஞ்சர் கடையில் காற்று பிடிக்கலாமா?

பிடிக்கிறார்கள், நான் வேண்டாம் என்பேன். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரின் தொட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் கலந்திருக்கும். அவை காற்றோடு சேர்ந்து மதர்போர்டின் மேல் தெளிக்கும். காற்றின் வேகமும் தேவைக்கு மிக அதிகம்.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் வண்ணம் பூசாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ், புதியது, உலர்ந்தது, போதும். தடித்த ஏட்டை முதலில் கையால் உரித்து எடுத்துவிட்டு, மீதியை பிரஷால் தட்டி, கடைசியில்தான் கையடக்க புளோயரைக் காட்ட வேண்டும். அப்போது விசிறியின் இறகை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புளோயர் காற்றில் அது வெறிபிடித்துச் சுற்றினால் பேரிங் கெடும். சுற்றும் மோட்டார் டைனமோபோல மின்சாரத்தை போர்டுக்குள் திருப்பி அனுப்பவும் கூடும். வீட்டு வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையைப் போர்டின் அருகே கொண்டுபோகாதீர்கள், அதில் நிலைமின்சாரம் சேரும். இதையெல்லாம் வாசலிலோ மாடியிலோ செய்யுங்கள். அறைக்குள் ஊதினால் அதே தூசி மாலைக்குள் பெட்டிக்குள் திரும்பிவிடும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் பிரிக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினாலே போதும். (பல்லி உள்ளே போய்க் கருகிக் கிடந்த எஸ்எம்பிஎஸ் இரண்டைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்து உலோகப் பட்டைகளை எடுத்துவிட்டுத் துளையைத் திறந்தே வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.)

எங்களுடையது ஜவ்வரிசி ஆலை அலுவலகம். எங்களுக்கும் இதே முறைதானா?

மாவுத் தூசி பஞ்சைப்போல் ஏடாக வராது. ஈரக்காற்றில் அது தகட்டோடு ஒட்டி இறுகிவிடும். ஊதினால் அசையாது, பிரஷால் தேய்த்தே எடுக்க வேண்டும். ஹீட் சிங்கை முழுவதுமாகக் கழற்றிவிட்டால், விசிறியை நீக்கி, வெறும் உலோகத்தை மட்டும் தண்ணீரில் கழுவி வெயிலில் அரை நாள் காயவைக்கலாம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் சங்கதி வேறு: மெருகு போடும்போது பறக்கும் தூளில் உலோகம் இருக்கும், உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். அங்கே புளோயரை எடுக்கவே கூடாது. தூளைப் போர்டின் இடுக்குகளுக்குள் தள்ளாமல் மெல்ல வெளிப்பக்கமாகத் துடைத்தெடுக்க வேண்டும். கணினியை மெருகு எந்திரத்திலிருந்து வேறு அறைக்கு மாற்றுவதே சரி.

தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது என்ன, எவ்வளவு வைக்க வேண்டும்?

செயலியின் மேல்மூடியும் ஹீட் சிங்கின் அடிப்பகுதியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. பள்ளங்களில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்தக் காற்றை வெளியேற்றி இடத்தை நிரப்புவதே பசையின் வேலை. ஆண்டுகள் போகப்போக அதிலுள்ள எண்ணெய்ப்பசை வற்றி, சுண்ணாம்புக் காரைபோல் பொடியும். பத்து ஆண்டுகளாகத் திறக்காத கணினி என்றால் காய்ந்திருப்பது ஏறக்குறைய உறுதி.

பழைய பசையை நூல் உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நனைத்து, இரு பக்கமும் உலோகம் மின்னும்வரை துடைக்க வேண்டும். கை கழுவும் ஜெல் சானிட்டைசரில் கிளிசரின் கலந்திருக்கும், அது வேண்டாம். புதிய பசையைச் செயலியின் நடுவில் ஓர் உளுத்தம்பருப்பு அளவுக்கு வைத்து, ஹீட் சிங்கை நேராக இறக்கி அழுத்தினால் அதுவே பரவிக்கொள்ளும். தோசை மாவுபோல் தடவி விடுபவர்கள் இருக்கிறார்கள். பசை தடித்தால் அதுவே இடையில் ஒரு போர்வையாகிவிடும். உலோகத்தோடு ஒப்பிட்டால் பசை மோசமான கடத்தி என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஹீட் சிங்கை எந்தக் காரணத்துக்காகத் தூக்கினாலும், ஒரே ஒரு முறை தூக்கினாலும், புதிய பசை வைக்காமல் திரும்ப மாட்டக் கூடாது.

பசை மாற்றிய பிறகு முன்பைவிட அதிகமாகச் சூடாகிறது. என்ன தவறு செய்தேன்?

இன்டெல் பெட்டியோடு வரும் ஹீட் சிங்க் என்றால் நான்கு கால்களில் ஒன்று சரியாக இறங்கவில்லை என்று கிட்டத்தட்ட பார்க்காமலே சொல்லலாம். ஒவ்வொரு காலிலும் வெளியே பிளந்த வெள்ளைக் குழாயும் அதனுள்ளே இறங்கும் கருப்பு ஊசியும் இருக்கும். தலையில் ஓர் அம்புக்குறி உண்டு. அது கழற்றும் திசையைக் காட்டுகிறது. மாட்டும்போது எல்லாத் தலைகளையும் அம்புக்கு எதிர்த் திசையில் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டு, மூலைக்கு மூலையாக, எதிரெதிர்க் கால்களை ஒரே நேரத்தில் இரண்டு கட்டைவிரல்களாலும் 'டக்' என்ற ஓசை வரும்வரை அழுத்த வேண்டும். ஒரு பக்கத்து இரண்டு கால்களையும் முதலில் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.

ஓசையை மட்டும் நம்பாதீர்கள். மதர்போர்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு துளைகளிலும் வெள்ளைக் குழாய் விரிந்து, அதன் நடுவே கருப்பு முனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றில் கருப்பு தெரிந்து நான்காவதில் தெரியாவிட்டால் கோளாறு அங்கேதான். பின்பக்கம் தெரியாத பழைய கேபினட்டில் போர்டையே கழற்றி மேசைமேல் வைத்து மாட்டுவது ஒரு மணி நேர வேலைதான். எனக்கு அதுவே நிம்மதி.

ஏஎம்டி கணினியில் ஏதாவது தனிக் கவனம் உண்டா?

உண்டு, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு நெம்புகோலைத் திருப்பினால் அந்த ஹீட் சிங்க் விடுபடும் என்பதால் எளிது என்று நினைத்து, விடுவித்த கையோடு நேராக மேலே இழுத்தேன். காய்ந்த பசை செயலியைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்தக் காலத்து ஏஎம்டி செயலிகளில் ஊசிகள் செயலியின் அடியிலேயே இருக்கும். ஏழு ஊசிகள் வளைந்திருந்தன. லெட் பென்சிலின் வெறும் முனைக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து நிமிர்த்த ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. இப்போதெல்லாம் முதலில் பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டுப் பசையை இளக்கிக்கொண்டு, அணைத்துப் பிளக்கை உருவி, ஹீட் சிங்கை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருகியபடியே தூக்குகிறேன்.

விசிறி கரகரவென்று சத்தம் போடுகிறது. எண்ணெய் விடலாமா?

நடுவில் உள்ள ஸ்டிக்கரை உரித்தால் பேரிங் தெரிகிற மாதிரிகளில், ஒரே ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் சில மாதங்களுக்குக் கைகொடுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். விலை அதிகமில்லாத பொருள் என்பதால் புதிய விசிறியையே வாங்கிவிடலாம்.

கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை வைத்தால் போதாதா?

ஜிஎஸ்டி கணக்கு முடிக்க வேண்டிய கடைசி நாளில் அது போதும், நானே செய்திருக்கிறேன். நிரந்தர ஏற்பாடாக வைத்துக்கொண்டால் தறிக்கூடத்துப் பஞ்சை நாமே உள்ளே ஊதுவதாகிவிடும். மூடியிருக்கும்போது காற்று முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறும் ஒரு பாதை உண்டு. அதனால் பெட்டியைத் திறந்து வைப்பதைவிட, கணினி மேசையின் மரக்கூண்டிலிருந்து அதை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது நல்ல பலன் தரும். பின்பக்கம் அடைத்த மரக்கூண்டுக்குள் பெட்டி தான் விட்ட அனலையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

திறக்கத் துணிவில்லை. செலவில்லாமல் வேறு வழி உண்டா?

விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்' என்ற அமைப்பு 100 விழுக்காட்டில் இருக்கும். அதை 99 ஆக்கினால் டர்போ வேகம் (வேலை கூடும்போது செயலி தானே எடுக்கும் கூடுதல் வேகம்) நின்றுவிடும். 80 ஆக்கினால் இன்னும் குறையும். கணக்கு எழுதுபவருக்கு வேறுபாடே தெரியாது, ஆனால் வெப்பம் பல டிகிரி இறங்கும். டர்போ இல்லாத கோர் 2 டியோ போன்றவற்றில் 99க்குப் பலன் இல்லை, 80 வைத்துப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஏதாவது ஒரு நிரல் ஓயாமல் செயலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திருட்டு மென்பொருளோடு வந்த ஒரு நிரல் செயலியை நாள் முழுக்க நூற்றில் ஓட்டிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். இந்தத் தொல்லை எங்களுக்கு இல்லைதானே?

குறைவுதான். சேர்வராயன் மலைமேல் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்து விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகவே குறைந்திருக்கும், அந்த அளவுக்கு விசிறி தள்ளும் காற்றின் குளிர்விக்கும் திறனும் குறையும். ஆனால் அறை பத்து டிகிரி குளிர்ந்திருப்பதால் கூட்டிக் கழித்தால் உங்களுக்கு லாபமே. உங்கள் எதிரி பனிமூட்டம். பழுதுபார்க்க ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டைஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுவரும் கணினியை வந்தவுடன் போடாதீர்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் கீழ்நாட்டு ஈரக்காற்று பட்டுத் துளிர்க்கும். இரண்டு மணி நேரம் மூடியைத் திறந்து வையுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் குறையவில்லை.

செயலியைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டியது உப்பியோ கசிந்தோ இருந்தால் போர்டு தேய்ந்துவிட்டது. அடுத்து ஹீட் சிங்கைக் கையால் தொடுங்கள்: திரையில் 95 என்று காட்டும்போது உலோகம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் வெப்பம் மேலே ஏறவில்லை, அதாவது கால்களோ பசையோ சரியில்லை, அல்லது வெப்பத்தை அளக்கும் உணர்வி பொய் சொல்கிறது. தொட முடியாமல் சுட்டால் வெப்பம் ஏறுகிறது, ஆனால் காற்று அதை எடுத்துச் செல்லவில்லை. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் செயலிகளில் மேல்மூடிக்கு உள்ளேயும் பற்றுவைப்புக்குப் (சால்டரிங்) பதிலாகப் பசையே இருக்கிறது. அது காய்ந்தால் மூடியை உடைத்துத் திறக்க வேண்டும். அந்த வேலைக்குப் போகாமல் வேறு பழைய செயலி ஒன்றைத் தேடுங்கள்.

இவ்வளவு பழைய கணினிக்கு இந்தப் பாடு தகுமா?

பசைக்கும் பிரஷுக்கும் தகும். புதிய போர்டு வாங்கும் அளவுக்குத் தகாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இந்தக் காலத்துச் செயலிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இணையம் இல்லாமல் கணக்குக்கு மட்டும் ஓடும் கணினி என்றால் இன்னும் சில கோடைகளைத் தாண்டும்.

மறுபடி எப்போது திறக்க வேண்டும்?

வீடு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதக் கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன். தறிக்கூடம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விசிறிக்கு அடியில் மட்டும். பசை நான்கைந்து ஆண்டு தாங்கும். வேலை முடிந்ததும் தேதி, அறை வெப்பம், முழு வேலையில் செயலி காட்டிய எண் ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்க மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிய எண்ணிலிருந்து அறை வெப்பத்தைக் கழித்து, பழைய சீட்டின் கழித்தலோடு ஒப்பிட்டால், குற்றம் வெயிலுடையதா தூசியுடையதா என்று திருப்புளியை எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.